பூட் ஆகாத பழைய கணினி: பழுது எந்தப் படியில்?

‘சிஸ்டம் ஆன் ஆகவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம். பட்டனை அழுத்தினால் விசிறிகூடச் சுற்றாமல் போகலாம். விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே கிடக்கலாம். மதர்போர்டு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து அதோடு உறைந்துவிடலாம். விண்டோஸ் தொடங்கப் பார்த்து, நீலத் திரையைக் காட்டி, மறுபடி மறுபடி அணைந்து எழலாம். நான்குக்கும் காரணம் வேறு, பார்க்க வேண்டிய இடம் வேறு, செலவும் வேறு. ஆனால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற தீர்ப்புகள் இரண்டுதான்: ‘போர்டு போச்சு’, அல்லது ‘ஃபார்மட் அடிக்கணும்’. முதலாவதில் கணினி போகிறது. இரண்டாவதில் அதற்குள் இருந்ததெல்லாம் போகிறது. கணினி எந்தப் படியில் நின்றது என்று தெரிவதற்கு முன் எந்தப் பாகத்தின் மீதும் பழி போடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இங்கே பேசப்படுபவை ஏறத்தாழ 2005 முதல் 2014 வரை வாங்கப்பட்ட மேசைக் கணினிகள். பென்டியம் 4, கோர் 2 டுயோ, முதல் நான்கு தலைமுறை ஐ3, ஐ5. ஜி31, ஜி41, எச்61 சிப்செட் போர்டுகள். டிடிஆர்2, டிடிஆர்3 ராம். டிடிபி கடைகளிலும் கணக்கர் அலுவலகங்களிலும் சிறு பள்ளிகளிலும் இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பேஜ்மேக்கர் கோப்புகள், புதிய விண்டோஸில் ஏறாத பழைய மென்பொருள்கள், வேறெங்கும் நகல் இல்லாத குடும்பப் படங்கள் எல்லாம் இவற்றில்தான் இருக்கின்றன. ஆகவே இந்தக் கணினிகளின் மதிப்பைப் பழைய பொருளாக விற்றால் எவ்வளவு தேறும் என்று மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

கணினி எழும் வரிசையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வடிவமைப்பிலிருந்து, முன்பக்கப் பட்டன் மின்சாரத்தை நேரடியாக இணைப்பதுமில்லை, துண்டிப்பதுமில்லை. பிளக் சொருகியிருக்கும் வரை, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை ஊதா நிற ஒயர் வழியாக போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் போர்டு பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு சேர்க்கிறது. அப்போதுதான் எஸ்எம்பிஎஸ் முழுதாக விழிக்கிறது. 12, 5, 3.3 வோல்ட்டுகள் நிலைபெற்ற பின், 100 முதல் 500 மில்லிநொடிக்குள், ‘மின்சாரம் சரி’ என்ற செய்தி சாம்பல் நிற ஒயரில் போகிறது. அது வரும்வரை பிராசசர் ரீசெட் நிலையில் நிறுத்திவைக்கப்படுகிறது. வந்ததும் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரியிலிருந்து தன் முதல் கட்டளையைப் படிக்கிறது. அந்த முகவரியில் இருப்பது பயாஸ் சிப். பயாஸ் ராமையும் டிஸ்ப்ளேயையும் சோதித்துவிட்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டை எடுத்து ஓடவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு அடையாளம் வெளியே தெரியும். விளக்கு, சத்தம், அல்லது திரையில் ஒரு வரி.

கணினி எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிக்கப் பழுது பார்ப்பவர்களிடம் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மாற்றிப் பார்ப்பது. நல்ல ராம், நல்ல எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார்கள். சென்னை ரிட்சி தெருவில் பாகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இது வேகமான வழி. வீட்டில் மாற்றுப் பாகம் ஏது? தவிர, வோல்ட்டேஜ் தாறுமாறாகப் போகும் எஸ்எம்பிஎஸ்ஸில் நல்ல போர்டை மாட்டினால் அதுவும் சேர்ந்து போகும் ஆபத்து இருக்கிறது. இரண்டாவது வழி கழித்துப் பார்ப்பது: போர்டு, பிராசசர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுவது. மூன்றாவது, கணினி கொடுக்கும் அடையாளங்களைப் படிப்பது: பீப் சத்தம், மல்டிமீட்டர், டயக்னாஸ்டிக் கார்டு. வீட்டில் செய்பவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த வழியே சிறந்தது. அதற்குக் காசைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

விசிறியே சுற்றாத கணினியை முதலில் எடுத்துக்கொள்வோம். சுவர் பிளக்கில் வேறு விளக்கைப் போட்டுப் பார்ப்பதும், யுபிஎஸ்ஸையும் ஸ்பைக் பஸ்டரையும் விலக்கி நேராகச் சொருகிப் பார்ப்பதும் அற்பமாகத் தோன்றலாம்; ஆனால் பேட்டரி செத்த யுபிஎஸ்ஸும் தளர்ந்த பவர் கார்டும் நல்ல கணினிகளை மெக்கானிக்கிடம் அனுப்பிவைத்திருக்கின்றன. பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். தூசி துடைக்கும்போது அது 115-க்கு நகர்ந்திருந்தால் நம் 230 வோல்ட்டில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கணமே வெடித்துப் போகும். அதை மட்டும் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மின்சாரத்தைப் பார்க்கும்போதே இன்னொரு புகாரையும் பார்த்துவிடலாம்: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்பார்கள் சிலர். எஸ்எம்பிஎஸ்ஸின் இரைச்சல் வடிகட்டியில் உள்ள சிறு கெபாசிட்டர்கள் மின்சாரத்தின் இரு கம்பிகளுக்கும் கேபினெட்டின் உலோக உடலுக்கும் நடுவே இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத வீட்டில் கேபினெட் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்தச் சுருக் வீட்டின் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது என்று சொல்கிறது. கணினியைச் சந்தேகிப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

அடுத்து பட்டன். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்களைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கணினி எழுந்தால், பழுது பட்டனில் என்று முடிவாகிறது. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு: கணினி ஆன் ஆகி நான்கு நொடியில் தானே அணைகிறது என்றால் பட்டன் உள்ளே சிக்கி அழுத்தியபடியே நிற்கிறதா என்று பாருங்கள். நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிட வேண்டும் என்பது போர்டின் விதி. அது தன் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க, போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைப்பது பழகிய முறை. விசிறி சுற்றினால் நல்லது என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அது போதாது. சுமை இல்லாமல் ஓடும் எஸ்எம்பிஎஸ் சுமை ஏறியதும் படுத்துவிடலாம். போர்டோடு இணைத்து ஓடவிட்டு மல்டிமீட்டரால் அளப்பதே சரி: மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுங்கள். அதைத் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போகாது. சில பிராண்டு கணினிகளில் இணைப்பானின் வடிவமும் ஒயர் வரிசையும் வேறாக இருக்கும் என்பதையும் புதிது வாங்கும் முன் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய கணினி என்றால் கெபாசிட்டர் பேச்சைத் தவிர்க்க முடியாது. 2000-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் மதர்போர்டுகள் ஓரிரு ஆண்டிலேயே செத்து விழுந்தன. தைவானில் தயாரான மின்பகு கெபாசிட்டர்கள் பலவற்றில் உள்ளே இருந்த திரவம் தவறான கலவை. அது வாயுவை உண்டாக்கி உருளையை வீங்க வைத்தது. டெல் நிறுவனத்தின் ஆப்டிப்ளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 கணினிகள் இதில் மிக மோசமாக அடிபட்டன. இதைச் சரிசெய்ய 2005-இல் டெல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. பக்கப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலையில் கே அல்லது கூட்டல் வடிவில் வெட்டு இருக்கும். தலை தட்டையாக இருந்தால் நல்லது. மேலெழும்பி உப்பியிருந்தாலோ, வெட்டின் வழியே பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ, போர்டின் பழுது உங்கள் கண்முன்னால் இருக்கிறது.

கலவை சரியாக இருந்த கெபாசிட்டர்களும் வயதானால் உலரும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. தூசி அடைத்த கேபினெட், காற்றோட்டமில்லாத மூலை, சித்திரை வெயில் என்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஐந்தாறு தடவை ஆன் செய்த பிறகே எழுந்து, எழுந்த பின் நாள் முழுக்க நன்றாக ஓடும் கணினி கெபாசிட்டர் நோயின் தெளிவான நோயாளி. மாற்றுவது முடியாத வேலையல்ல: அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் குறைந்த உள்தடை வகை. ஆனால் பல அடுக்குப் போர்டின் செப்புத் தளம் சால்டரிங் அயர்னின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. எச்61 காலத்துப் போர்டுகளில் திடநிலைக் கெபாசிட்டர்கள் பரவலாக வந்துவிட்டதால் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.

விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை: மெக்கானிக்குகள் சொல்லும் ‘நோ டிஸ்ப்ளே’ இதுதான். மானிட்டர் கேபிள் சரியான போர்ட்டில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், போர்டிலும் டிஸ்ப்ளே வசதி உள்ள கணினிகளில், கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் போர்ட்டில் மானிட்டரை மாட்ட வேண்டும். பிராசசருக்கு அருகில் தனியாகச் சொருகப்படும் நான்கு பின் 12 வோல்ட் இணைப்பை மறந்திருந்தாலும் இதே நோய்தான். பென்டியம் 4 காலத்தில் வந்த அந்த இணைப்பு இல்லாமல் விசிறி சுற்றும், பிராசசர் ஓடாது. பிராசசர் மேலுள்ள ஹீட்சிங்கின் நான்கு பிளாஸ்டிக் பூட்டுகளில் ஒன்று கழன்றிருந்தால் சூடு ஏறிச் சற்று நேரத்தில் கணினி அணைந்துவிடும்.

இவை எல்லாம் சரி என்றால் ராம். என் கணிப்பில் ‘நோ டிஸ்ப்ளே’ கணினிகளில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுவே. கடலோர ஊர்களின் உப்புக் காற்றும் தூசியும் ராமின் பொன்பூச்சு விரல்களின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கேபிளைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, விரல்களைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, இருபக்கத் தாழ்ப்பாளும் தானே ‘டிக்’ என்று விழும் வரை அழுத்திச் சொருக வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரைவிட அதுவே மேல். ரப்பர் ஒவ்வொரு தடவையும் பொன்பூச்சைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதும் பழக்கம் வேண்டாம். எச்சில் ஈரம் அங்கேயே தங்கும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதிலேயே அருமையான சோதனை ஒன்று ஒளிந்திருக்கிறது. எல்லா ராமையும் கழற்றிவிட்டுக் கணினியை ஆன் செய்யுங்கள். போர்டு பீப் என்று கத்தினால் மகிழ்ச்சி கொள்ளலாம். பிராசசர் உயிரோடிருக்கிறது, பயாஸ் படிக்கப்படுகிறது, எஸ்எம்பிஎஸ் ‘சரி’ சொல்லிவிட்டது. மூன்றும் அந்த ஒரு சத்தத்தில் நிரூபணமாகின்றன. ‘போர்டு போச்சு’ என்ற தீர்ப்புக்கு இதைவிட நல்ல மேல்முறையீடு இல்லை. இதற்கு வேண்டியது போர்டின் ஸ்பீக்கர் பின்களில் சொருகும் சிறு ஸ்பீக்கர் ஒன்று மட்டுமே. நம் ஊரில் அசெம்பிள் செய்த பல கேபினெட்டுகளில் அது பொருத்தப்படுவதே இல்லை என்பது பெரிய குறை.

பீப் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீள ஒலியும் இரண்டு குறு ஒலியும் டிஸ்ப்ளே கோளாறு. அமி பயாஸில் எட்டுக் குறு ஒலி டிஸ்ப்ளே நினைவகக் கோளாறு. டெல், எச்பி கணினிகளுக்குத் தனி அட்டவணை. எந்த பயாஸ் என்று தெரியாமல் எந்த அட்டவணையையும் நம்பக் கூடாது. 80 என்ற முகவரிக்கு பயாஸ் எழுதும் எண்ணை இரண்டு இலக்கத்தில் காட்டும் டயக்னாஸ்டிக் கார்டும் இப்படித்தான். நின்றபோது எந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது என்பதையே அது சொல்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல. ராம் சோதனையில் நின்றால் ராம், ஸ்லாட், பிராசசர் சாக்கெட்டில் வளைந்த பின் என்று மூன்றில் எதுவும் காரணமாகலாம்.

பயாஸ் சிப்பே கெடுவது அபூர்வம். 1998-இல் தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி பயாஸை அழித்து உலகெங்கும் கணினிகளை முடக்கியது. இப்போது பயாஸ் கெடுவது பெரும்பாலும் அப்டேட் நடுவே மின்சாரம் போனால்தான். அப்படிக் கெட்ட எட்டுக் கால் பயாஸ் சிப்பை சிஎச்341ஏ என்ற சிறு கருவியால் மறுபடி எழுதிவிடலாம்.

போர்டில் நாணயம் போல் பதிந்திருக்கும் சிஆர்2032 பேட்டரிக்கு வருவோம். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் மின்சாரம் இல்லாதபோது காப்பது அது. அது தீர்ந்தால் கணினி ஒவ்வொரு தடவையும் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். தேதி பல ஆண்டு பின்னால் போகும். தேதி தவறியதால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் வங்கித் தளங்கள் திறக்க மறுக்கும். இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் ஏஎச்சிஐ முறையில் இருந்து, பேட்டரி தீர்ந்ததும் போர்டு தன் தொழிற்சாலை அமைப்பான ஐடிஇ முறைக்குத் திரும்பினால், விண்டோஸ் 7 தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை காட்டும். டிஸ்க் நல்லது, விண்டோஸ் நல்லது, கோப்புகள் எல்லாம் பத்திரம். பயாஸில் ஒரு வரியை மாற்றி, புது பேட்டரி போட்டால் பழையபடி எழும். இந்த இடத்தில்தான் ‘ஃபார்மட்’ என்ற சொல் விழுகிறது, ஆண்டுக்கணக்கான வேலை அழிகிறது. யுஇஎஃப்ஐ வசதி வந்த பிற்காலப் போர்டுகளிலும் இதே கதைதான்: பழைய முறையில் நிறுவிய டிஸ்க், போர்டு புதிய முறைக்கு மாறினால் பூட் பட்டியலிலேயே தெரியாது.

கடைசிப் படி டிஸ்க். ‘என்டிஎல்டிஆர் இல்லை’, ‘பூட்எம்ஜிஆர் இல்லை’ என்று திரை சொன்னால் முதலில் பென்டிரைவ் ஏதும் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி அதிலிருந்து எழ முயன்றிருக்கலாம். பிறகு பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லையென்றால் சாட்டா கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். தெரியாத டிஸ்க் எல்லாம் செத்த டிஸ்க் அல்ல: சீகேட்டின் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் பல ஃபர்ம்வேர் பிழையால் ஒரு நாள் திடீரென்று காணாமல் போயின. 2009 ஜனவரியில் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. உள்ளே தரவு அப்படியே இருந்தது.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எழவில்லை என்றால் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பிப் பாருங்கள். அது எழுந்து ஓடினால் போர்டு, ராம், பிராசசர் மீதான சந்தேகம் பெரிதும் நீங்கிவிடும். மிச்சம் டிஸ்க்கும் அதிலுள்ள விண்டோஸும் மட்டுமே. அங்கிருந்தே கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம், டிஸ்க் தன் நலனைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளையும் பார்க்கலாம். 5-ஆம் எண், 197-ஆம் எண் பதிவுகளின் மூல மதிப்பு பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கியிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். சாகும் டிஸ்க்கை அது இன்னும் அலைக்கழிக்கும். முதலில் நல்ல பகுதிகளை எடுத்துவிட்டுப் பிறகு கெட்ட பகுதிகளுக்குத் திரும்பும் டிடிரெஸ்க்யூ நிரலால் முழு நகல் எடுப்பதே வழி. டிஸ்க் நலமென்றால் விண்டோஸின் பூட் பகுதியைச் சரிசெய்யும் பூட்ரெக் கட்டளைகள் பெரும்பாலும் போதும். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று அடிக்கும் சத்தம் வந்தால் எதையும் முயலாமல் அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

எவ்வளவு பழையதைச் சரிசெய்வது தகும்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் கேட்கிறது, இங்கே பேசிய எந்தக் கணினிக்கும் அது வாய்க்காது. லினக்ஸ் வாய்க்கும். ஆனால் 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை 2025-இல் வந்த டெபியன் 13 கைவிட்டுவிட்டது. இரண்டாம் தலைமுறை ஐ3 முதல் உள்ள கணினிக்கு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் இன்னும் பல ஆண்டு தாராளமாக உழைக்கும் என்பது என் முடிவு. கோர் 2 டுயோவையும் பென்டியம் 4-ஐயும் அவற்றில் மட்டுமே ஓடும் மென்பொருளுக்காகவோ உள்ளிருக்கும் தரவுக்காகவோ மட்டும் எழுப்பலாம். போர்டு போயிருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்துவிடலாம்.

கடைக்குக் கொண்டுபோவதானால் விளக்கு எரிந்ததா, சத்தம் வந்ததா, திரையில் கடைசியாக என்ன வரி நின்றது என்பவற்றைப் போனில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். கணினியை ஒப்படைக்கும்போது, ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.